வடகாசியில் ஒரு யவனர்

ராயகிரிக்கு மேற்கே அரண்போல் நிற்கும் மலைத்தொடர் தெற்கே நீண்டு பொதிகையாய் உயர்கிறது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்னும் கிரேக்கப் புவியியல் அறிஞர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் அந்தப் பொதிகை ‘பெத்திகோ’ என்ற பெயருடன் இடம்பெற்றிருக்கிறது. பொருநை கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த கொற்கையும் ‘கொல்கோய்’ என்று அங்கே காணப்படுகிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அம்மக்களைச் சங்கப் புலவர்கள் யவனர் என்றனர். பொன் கொடுத்து மிளகு வாங்கிய யவனரை அகநானூற்றிலும், பாசறையில் காவல் நின்ற யவனரை முல்லைப்பாட்டிலும் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் காற்று திரும்பும் பருவத்தில் கலம் ஏறிச் சென்றவர்கள். சென்றவர்களின் பெயர் ஒன்றுகூடத் தமிழ் நாவில் தங்கவில்லை.

பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தபின் கிரேக்கர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தனர். இம்முறை வணிகத்துக்காக மட்டும் வந்து மீளாமல், வங்கத்தில் வீடு கட்டினர், கோயில் எழுப்பினர், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தனர், கல்லறைகளில் உறங்கினர். அக்குடியேற்றத்தார் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிப்பதற்காக அழைத்து வந்த ஆசிரியரே திமெத்ரியோஸ் கலானோஸ். ஆசிரியராக வந்தவர் மாணவராக மாறிக் காசியில் 40 ஆண்டுகள் வாழ்ந்தார். வடமொழியின் பெருநூல்கள் பலவற்றைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளை காசியின் மண்ணில் கலந்தது.

தென்காசிச் சீமையினருக்குக் காசி அயலூர் அன்று. வடக்கே உள்ள காசிக்குச் செல்ல இயலாதார் வழிபடுவதற்கென்றே 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் திருக்கோயில் எழுப்பினான் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வூரை ஆண்ட அதிவீரராம பாண்டியர் காசிக்காண்டத்தைத் தமிழில் பாடினார். வடமொழி நளன் கதையை நைடதமாக ஆக்கினார். பொருநைக் கரையின் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசிக்கே சென்று மடம் நிறுவினார். தெற்கிலிருந்து ஒரு புலவர் சென்று தங்கிய அதே நகருக்கு, நூறாண்டுக்குப் பின் மேற்கிலிருந்து மற்றொருவர் வந்து சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது கலானோஸின் வாழ்க்கை இம்மண்ணுக்கு நெருக்கமாகிறது.

இளமையும் கல்வியும்

கலானோஸ் 1760இல் ஏதென்ஸில் பிறந்தார். சாக்ரடீசும் பிளேட்டோவும் நடமாடிய அந்நகரம் அப்போது துருக்கிய ஆட்சியில் ஒரு சிற்றூராகச் சுருங்கிக் கிடந்தது. அக்ரோபொலிஸ் குன்றின்மேல் இருந்த பார்த்தெனான் கோயில் 1687இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. அதன் இடிபாடுகளுக்கு இடையே துருக்கியப் படையினர் குடியிருந்தனர். பழம்பெருமை பேசும் கற்களும் அடிமைப்பட்ட மக்களும் ஒருங்கே இருந்த ஊரில் கலானோஸ் கண் விழித்தார்.

ஏதென்ஸில் தொடக்கக் கல்வி முடிந்ததும், பதினான்கு வயதளவில் மிசொலோங்கி என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பனயோத்தீஸ் பலமாஸ் என்பவர் நடத்திய பள்ளி பெயர் பெற்றது. அந்த ஆசிரியரின் மரபில்தான் பிற்காலத்தில் புதுக் கிரேக்கக் கவிதையின் தலைமகன் எனப் போற்றப்படும் கோஸ்தீஸ் பலமாஸ் தோன்றினார். ஆங்கிலக் கவிஞர் பைரன், கிரேக்க விடுதலைக்குத் துணை நிற்க வந்து 1824இல் உயிர் நீத்ததும் அதே மிசொலோங்கியில்தான். கவிதைக்கும் விடுதலைக்கும் உரிய ஊராக அது பின்னாளில் நிலைபெற்றது.

அங்கிருந்து கலானோஸ் பாட்மொஸ் தீவுக்குச் சென்றார். துறவியர் மடமும் பழஞ்சுவடி நூலகமும் கொண்ட அத்தீவின் பள்ளியில் பழங்கிரேக்க இலக்கணமும் இலக்கியமும் தத்துவமும் கற்றார். சுவடியை விரித்து, சொல்லைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கண்டு மேற்செல்லும் பழைய பயிற்சி அது. தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளிலும் மடங்களிலும் புலவர்கள் பெற்ற பயிற்சியை ஒத்தது. அந்தப் பயிற்சியே பிற்காலத்தில் காசிப் பண்டிதர்களின் முன் அவரை அமரவைத்தது.

கல்வி முடிந்தபின் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் ஆயராக இருந்த தம் சிறிய தந்தையிடம் சென்றார். அண்ணன் மகன் குருத்துவம் ஏற்றுத் திருச்சபையில் உயர்வு பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கலானோஸின் உள்ளம் அதில் செல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் தாம் கற்பதுமாக இருந்தார். அந்நிலையில்தான் வங்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

வங்கத்தில் கிரேக்கர்

துருக்கிய ஆட்சியின்கீழ் இருந்த கிரேக்கர் பலர் வணிகத்தை நாடிப் பிறநாடுகளுக்குச் சென்றனர். வியன்னாவிலும் ஒதேசாவிலும் திரியெஸ்தேயிலும் அவர்களுடைய குடியிருப்புகள் தோன்றின. அந்த அலையின் ஒரு சிறு கிளை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வங்கம் வரை நீண்டது. பிலிப்போபொலிஸ், அத்ரியநோபிள் முதலிய ஊர்களைச் சேர்ந்தோர் கல்கத்தாவிலும் டாக்காவிலும் நாராயண்கஞ்சிலும் தங்கித் துணி, உப்பு, சில்ஹெட் மலையடிவாரச் சுண்ணாம்பு ஆகியவற்றில் வாணிகம் செய்தனர்.

இவர்களுக்கு முன்னோடியாக விளங்கியவர் பிலிப்போபொலிஸைச் சேர்ந்த அலெக்சியோஸ் ஆர்ஜிரீ. அவர் 1770இல் கல்கத்தாவிலிருந்து செங்கடல் துறைகளை நோக்கிச் சென்ற கப்பலில் அரபு மொழிபெயர்ப்பாளராகப் பயணம் செய்தார். நடுக்கடலில் புயல் தாக்கியபோது, உயிர் பிழைத்தால் கல்கத்தாவில் தம் மக்களுக்கு ஒரு கோயில் எழுப்புவதாக வேண்டிக்கொண்டார் என்பது அக்குடியினர் போற்றிய வரலாறு. பின்னர் அவர் கெய்ரோவுக்குச் சென்று ஆங்கிலேயருக்கு வணிக உரிமை பெற்றுத் தந்தார். அதற்கு ஈடாகக் கோயில் கட்டும் இசைவைப் பெற்றார். கோயில் எழும் முன்னரே 1777இல் டாக்காவில் காலமானார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உட்படப் பலர் பொருள் வழங்க, கல்கத்தாவின் அமரத்தலாத் தெருவில் 1781இல் அக்கோயில் திறக்கப்பட்டது.

கோயில் எழுந்தது, வணிகமும் செழித்தது. எனினும் அக்குடியினருக்கு ஒரு கவலை இருந்தது. வங்கத்தில் பிறந்த பிள்ளைகள் தெருவில் வங்காளமும் கடையில் இந்துஸ்தானியும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தனர். கிரேக்கம் வழிபாட்டில் மட்டும் ஒலிக்கும் மொழியாகிக்கொண்டிருந்தது. இலங்கைத் தோட்டங்களிலும் பர்மாவிலும் மலாயாவிலும் குடியேறிய திருநெல்வேலிச் சீமை மக்கள் அறிந்த கவலைதான் இது. பொருள் தேடிச் சென்ற தலைமுறை மொழியைக் கையோடு எடுத்துச் செல்கிறது; அடுத்த தலைமுறையில் அது கைநழுவுகிறது. வணிகர்கள் ஒன்றுகூடிக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எழுதி, தம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டனர். அதற்கு இசைந்து புறப்பட்டவர் கலானோஸ். 1786இல், இருபத்தாறு வயதில், அவர் கல்கத்தாவை அடைந்தார்.

கல்கத்தாவில் ஆசிரியப் பணி

அவர் வந்த காலம் கருதத் தக்கது. வங்க ஆசியக் கழகம் தோன்றி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. சார்லஸ் வில்கின்ஸ் செய்த பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1785இல் இலண்டனில் வெளிவந்திருந்தது. 1786 பிப்ரவரியில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் அக்கழகத்தில் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையாதல் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். மொழியியல் வரலாற்றைத் திருப்பிய அக்கருத்து வெளியான ஆண்டிலேயே, அதே நகரத்துக்கு, கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அறிஞர் வந்திறங்கினார்.

ஜோன்ஸ் நூலறிவால் உணர்ந்த உறவைக் கலானோஸ் செவியால் உணரத் தக்கவராக இருந்தார். தாயைக் குறிக்கும் மாத்ரு என்னும் சொல் கிரேக்கத்தில் மேத்தேர்; தந்தையைக் குறிக்கும் பித்ரு அங்கே பத்தேர். வேதத்து வானக் கடவுளான த்யௌஸ் கிரேக்கருக்கு ஸெவுஸ். ஒருமை, பன்மைக்கு இடையே இருமை என்ற எண் இரு மொழிகளிலும் உண்டு. சொற்களை அடுக்கித் தொகையாக்கும் ஆற்றலும் இரண்டுக்கும் பொது. பாட்மொஸில் பழங்கிரேக்கம் பயின்ற ஒருவருக்கு வடமொழி இலக்கணம் புதுவீடாகத் தோன்றியிராது. நெடுநாள் பூட்டிக் கிடந்த முன்னோர் வீடாகவே தோன்றியிருக்கும்.

ஆறாண்டுகள் அவர் வணிகர் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் கற்பித்தார். அக்காலத்திலேயே ஆங்கிலமும் பாரசீகமும் இந்துஸ்தானியும் வடமொழியும் பயிலத் தொடங்கினார். கல்கத்தாவில் அவர் விரும்பியிருந்தால் வணிகத்தில் இறங்கியிருக்கலாம். அவரைச் சுற்றியிருந்தோர் அனைவரும் வணிகர்களே. பணிக்கு அமர்ந்த கடமை நிறைவேறியதும், சேமித்த பொருளைப் பெருக்கும் வழி நாடாமல், எளிய வாழ்க்கைக்கு அது போதும் என்று அமைந்தார். 1793இல் கங்கையின் வழியே மேற்கு நோக்கிச் சென்று காசியில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

காசி வாசம்

காசியில் அந்நாளில் ஆங்கிலேயரின் செல்வாக்கு வேரூன்றிக்கொண்டிருந்தது. ஜோனதன் டங்கன் 1791இல் அங்கே வடமொழிக் கல்லூரி ஒன்றை நிறுவியிருந்தார். எனினும் கல்வி உயிர்ப்புடன் இருந்த இடங்கள் பண்டிதர்களின் வீட்டுத் திண்ணைகளும் படித்துறைகளுமே. இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து ஆசிரியரின் காலடியில் இருந்து பாடம் கேட்டனர். கேதார் கட்டத்தருகே குமரகுருபரர் நிறுவிய மடத்தில் தமிழும் ஒலித்தது.

அங்கு வந்த ஐரோப்பியர் பலர் ஆட்சியாளராகவோ வணிகராகவோ சமயப் பரப்புநராகவோ வந்தவர்கள். கலானோஸ் இம்மூன்று வகையிலும் சேராதவர். அவருக்குப் பின்னால் படையில்லை, கம்பெனியில்லை, திருச்சபையின் ஆணையுமில்லை. அவருடைய தாய்நாடே அப்போது பிறர் ஆட்சியில் இருந்தது. ஆளும் இனத்தவர் பண்டிதரை வரவழைத்துச் சம்பளம் கொடுத்துக் கேட்ட இடத்தில், இவர் பண்டிதர் வீட்டுக்குச் சென்று கேட்டார். காசி அந்தணர்களின் உடையை உடுத்தார். அவர்களுடைய வாழ்க்கை முறையை மேற்கொண்டார். நகரத்துக் கற்றோர் அவரைத் தம்முள் ஒருவராக மதித்தனர். அவருக்கு ஆசிரியராகவும் நண்பராகவும் விளங்கியவர்களுள் முன்ஷி சீதல் சிங் குறிப்பிடத் தக்கவர்.

இவ்வாறு வாழ்ந்தபோதும் தாம் பிறந்த சமயத்தைவிட்டு அவர் நீங்கினார் எனக் கொள்வதற்கில்லை. கல்கத்தாக் கிரேக்கக் கோயிலின் குருவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஏதென்ஸில் இருந்த உறவினரையும் மறக்கவில்லை. உடையால் காசியினராகவும் உள்ளத்தின் ஒரு பாதியால் ஏதென்ஸினராகவும் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். குடியேறியோர் எல்லாரும் அறிந்த இரட்டை வாழ்க்கை அது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்காமல் அதை வாழ்ந்து காட்டியதே அவருடைய தனிச் சிறப்பு.

கல்கத்தா ஆயர் ரெஜினால்டு ஹீபர் 1824இல் காசிக்கு வந்தபோது, அங்கே நெடுங்காலமாகத் தங்கிக் கீழ்த்திசைத் தத்துவம் பயின்றுவந்த கிரேக்கர் ஒருவரைப் பற்றித் தம் பயண நூலில் எழுதினார். அவ்வாயர் இரண்டாண்டு கழித்துத் திருச்சிராப்பள்ளியில் நீராடுகையில் உயிர் நீத்தார். வடக்கும் தெற்குமாக ஊர்ப்பயணம் செய்தவரின் பார்வையில் கலானோஸ் ஒரு விந்தை மனிதர். காசித் தெருக்களில் நடந்தவர்களுக்கோ அவர் பழகிய முகம்.

இங்கே பெயர் ஒற்றுமை ஒன்றும் எண்ணத் தக்கது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையோடு மேற்கே சென்ற இந்தியத் துறவி ஒருவரைக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் கலானோஸ் என்றே அழைத்தனர். பாரசீகத்தில் நோயுற்ற அவர், அலெக்சாந்தரின் வீரர்கள் பார்த்திருக்கத் தீயில் இறங்கி உயிர் துறந்தார். இரு பெயர்களுக்கும் கிரேக்கத்தில் முதலெழுத்து வேறு. தமிழில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இந்தியக் கலானோஸ் கிரேக்கரிடையே மறைந்தார். கிரேக்கக் கலானோஸ் இந்தியரிடையே மறைந்தார்.

மொழிபெயர்ப்புப் பணி

காசியில் கலானோஸ் செய்த பணியின் அளவு வியப்பூட்டுவது. பர்த்ருஹரியின் நீதி, சாணக்கியரின் நீதிமொழிகள், ஜகந்நாத பண்டிதரின் பாமினீ விலாசம் ஆகியவற்றைப் பெயர்த்தார். அமரசந்திரரின் பாலபாரதத்தைப் பெயர்த்தார். பகவத் கீதை, காளிதாசரின் இரகுவம்சம், இதிகாச சமுச்சயம், இதோபதேசம், கிளி சொன்ன கதைகளான சுகசப்ததி, சண்டியின் பெருமை கூறும் தேவீ மாகாத்மியம் ஆகிய அனைத்தும் அவர் கையால் கிரேக்க வடிவம் பெற்றன. இவையன்றி அகராதிகளும் சொற்றொகுதிகளும் தொகுத்தார்.

இப்பட்டியலைத் தமிழ் இலக்கியம் அறிந்தோர் நோக்கினால் ஓர் உறவு புலப்படும். காளிதாசரின் இரகுவம்சத்தை 17ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அரசகேசரி தமிழில் பாடினார். நீதி நூல்களின் சுவையை அறிந்தே அதிவீரராமர் வெற்றிவேற்கை செய்தார். பாரதம் தமிழில் பலமுறை பாடப்பட்டது. தமிழ்ப் புலவர்கள் வடமொழியிலிருந்து எவற்றை எடுத்தனரோ ஏறத்தாழ அவற்றையே கலானோஸும் எடுத்தார். காவியமும் நீதியும் பக்தியும் கதையும் கொண்ட அந்தத் தேர்வு, ஐரோப்பிய ஆய்வாளரின் தேர்வைவிடக் காசிப் பாடசாலையில் பயின்ற மாணவரின் தேர்வையே ஒத்திருக்கிறது.

முறையில்தான் வேறுபாடு உண்டு. அதிவீரராமர் வடமொழிக் கதையைத் தமிழ் விருத்தத்தில் புதுக்காவியமாக ஆக்கினார். மூலத்தின் நிழல்தான் அங்கே இருக்கும். கலானோஸ் பழங்கிரேக்கத்தைத் தழுவிய உரைநடையில் சொல்லுக்குச் சொல் நெருங்கிப் பெயர்த்தார். மூலத்தின் தொகைச் சொல் நீண்டால் கிரேக்கத்திலும் தொகையாக்க முயன்றார். அதனால் நடை சில இடங்களில் கடினமாயிற்று. பேச்சு வழக்கையே அறிந்த கிரேக்கருக்கு அது எளிதில் விளங்கவில்லை. ஆக்கியோனின் உரிமையைக் கைவிட்டு, கொண்டு சேர்ப்போனின் கடமையை மேற்கொண்டார் அவர். இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு மொழிபெயர்ப்பாளரிடையே இன்றும் தீராதது.

இந்நூல்களை அவர் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை. காசியில் கிரேக்கம் படிப்பார் எவருமில்லை. கல்கத்தாவில் இருந்த கிரேக்க வணிகருள் காளிதாசரை நாடியவர் அரியர். யாருக்காக எழுதினார் என்ற வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு. என்றேனும் ஏதென்ஸில் ஒரு கல்விச்சாலை தோன்றும். அங்கே கற்கும் பிள்ளைகள் இவற்றைப் படிப்பர் என்ற நம்பிக்கைக்காக எழுதினார். அவர் எழுதத் தொடங்கியபோது அந்தக் கல்விச்சாலையும் இல்லை. அதை நிறுவத்தக்க நாடும் இல்லை.

தாய்நாட்டின் விடுதலை

1821இல் கிரேக்கர் துருக்கிய ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். மறு ஆண்டில் கியோஸ் தீவில் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். அவர் பயின்ற மிசொலோங்கி முற்றுகைக்கு உள்ளாகி 1826இல் வீழ்ந்தது. ஏதென்ஸ் பலமுறை கைமாறியது. கப்பல்வழிச் செய்தி வங்கம் வந்து சேரப் பல திங்கள் ஆகும் காலம் அது. காசியில் இருந்தவருக்குக் கிடைத்த ஒவ்வொரு செய்தியும் பழைய செய்தியே; இடம்பெயர்ந்து வாழ்வோரின் துன்பங்களுள் இதுவும் ஒன்று.

1830இல் வல்லரசுகள் கிரேக்கத்தின் விடுதலையை ஏற்றன. எனினும் அக்ரோபொலிஸ் குன்றில் துருக்கியப் படை தொடர்ந்து தங்கியிருந்தது. 1833 ஏப்ரலில்தான் அப்படை குன்றைவிட்டு இறங்கியது. அடுத்த மாதம், மே 3ஆம் நாள், கலானோஸ் காசியில் காலமானார். தாம் பிறந்த நகரம் முழு விடுதலை பெற்றுச் சில வாரங்கள் உயிர் வாழ்ந்தார். அச்செய்தி கடல் கடந்து கங்கைக் கரையை எட்டும் காலம் வரை வாழவில்லை.

காசியில் இருந்த ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் ஏதென்ஸ் நகரத்தவர் என்பதும் எழுபத்திரண்டு வயதில் மறைந்தார் என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டன. அத்துடன் முன்ஷி சீதல் சிங் எழுதிய இரங்கல் வாசகமும் இடம்பெற்றது. தம் மாணவராகவும் நண்பராகவும் இருந்த கிரேக்கரை அக்காலத்தின் பிளேட்டோ என்று அவர் போற்றினார். ஏதென்ஸ்காரர் ஒருவருக்கு அதனினும் உயர்ந்த புகழுரை இருக்க இயலாது. அதைச் சூட்டியவர் ஓர் இந்தியர் என்பதே அதன் பெருமை.

நூல்களின் பயணம்

கலானோஸ் தம் கையெழுத்துப் படிகளை ஏதென்ஸுக்கு உரிமையாக்கியிருந்தார். தம் பொருளில் ஒரு பகுதியை உறவினருக்கும், ஒரு பகுதியை ஏதென்ஸில் அமையவேண்டிய உயர்கல்விச் சாலைக்கும் எழுதி வைத்தார். அப்பல்கலைக்கழகம் 1837இல் தோன்றியது. இல்லாத கல்விச்சாலைக்கு அவர் வைத்த நிதி, அது பிறந்தபோது அதைச் சென்றடைந்தது.

கையெழுத்துப் படிகள் ஏதென்ஸ் நூலகத்தில் சேர்ந்தன. நூலகத் தலைவர் தீபால்தோசும் அவருடன் பணியாற்றிய அப்போஸ்தொலீதிசும் அவற்றைப் பதிப்பிக்க முன்வந்தனர். 1845இல் நீதி நூல்கள் அடங்கிய முதல் தொகுதி வெளிவந்தது. 1847இல் பாலபாரதமும், 1848இல் கீதையும், 1850இல் இரகுவம்சமும் தொடர்ந்தன. 1853இல் தேவீ மாகாத்மியத்தோடு ஏழு தொகுதிகள் நிறைவுற்றன. பதிப்பித்தோருள் எவரும் காசியைக் கண்டவரல்லர். தம் நாட்டுப் பிள்ளை ஒருவன் தொலைநாட்டிலிருந்து அனுப்பிய பொதியை அவிழ்க்கும் அன்போடு அவர்கள் அப்பணியைச் செய்தனர்.

எனினும் காலம் அவருக்கு முந்திச் சென்றிருந்தது. ஷ்லேகல் 1823இலேயே கீதையை இலத்தீன் மொழிபெயர்ப்போடு ஜெர்மனியில் வெளியிட்டிருந்தார். ஸ்டென்ஸ்லரின் இரகுவம்ச இலத்தீன் மொழிபெயர்ப்பு 1832இல் வந்துவிட்டது. பாரிசிலும் பான் நகரிலும் வடமொழிப் பீடங்கள் அமைந்திருந்தன. கலானோஸின் தொகுதிகள் வெளிவந்தபோது, ஐரோப்பிய அறிஞருக்கு அவை புதியன அல்ல. கிரேக்கத்தில் எழுதப்பட்டமையால் பலருக்கு எட்டவும் இல்லை. முதல்வராக இருந்திருக்கத் தக்கவர், அச்சேறத் தாமதித்ததால் பின்வரிசையில் வைக்கப்பட்டார்.

ஆயினும் அவருடைய வாழ்வு வீணாயிற்று என்பது பொருந்தாது. கிரேக்க மக்கள் கீதையை ஆங்கிலத்தின் வழியாகவோ ஜெர்மனின் வழியாகவோ பெறவில்லை. காசியில் வாழ்ந்து மூலத்தைக் கேட்ட தம் மொழியினர் ஒருவரிடமிருந்து நேரே பெற்றனர். ஆளும் மொழியின் இடைத்தரகு இன்றி, ஆட்சி இழந்திருந்த இரு பழங்குடிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்த அரிய நிகழ்ச்சி அது.

எஞ்சியவை

கலானோஸுக்குப் பின் மற்றொரு கிரேக்க அலை இந்தியாவுக்கு வந்தது. கியோஸ் தீவின் வழிவந்த ராலி சகோதரர்கள் 1851இல் கல்கத்தாவில் நிலையம் தொடங்கினர். சணலும் பருத்தியும் வாங்கி ஏற்றுமதி செய்த அந்நிறுவனத்தின் கிளை தூத்துக்குடி வரை வந்தது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி கிரேக்கர் கம்பெனியின் பொதிகளில் கப்பல் ஏறியது. காலம் மாறியது. வணிக இல்லங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின; குடும்பங்கள் நாடு திரும்பின, அல்லது பிறரோடு கலந்தன.

அமரத்தலாத் தெருவின் பழைய கோயிலுக்கு மாற்றாக 1924, 1925ஆம் ஆண்டுகளில் காளிகட்டத்தில் புதுக்கோயில் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது. டாக்காப் பல்கலைக்கழக வளாகத்தில் கிரேக்கக் கல்லறைக் கற்களைக் காக்கும் சிறு மண்டபம் ஒன்று உள்ளது. ஒரு கோயிலும் சில கல்லறைகளுமே வங்கத்தில் அக்குடியேற்றத்தின் சாட்சிகள். அவர்கள் ஈட்டிய செல்வம் இருந்த இடம் தெரியவில்லை. யாருக்காக ஆசிரியர் வரவழைக்கப்பட்டாரோ அந்தப் பிள்ளைகளின் வழியினர் நாவிலும் கிரேக்கம் நிலைக்கவில்லை.

நிலைத்தது ஆசிரியர் எழுதிவைத்த ஏழு தொகுதிகள். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் கிரேக்கக் கல்விக்கென அமைந்த இருக்கைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. வணிகர் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் கற்பிக்க வந்தவரின் பெயரால், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், இந்திய மாணவர்கள் கிரேக்கம் பயில வாய்ப்பு ஏற்பட்டது.

குடியேறுவோர் புதிய நாட்டில் வீடு கட்டுவதும் கடை வைப்பதும் இயல்பு. கலானோஸ் ஒரு மொழிக்குள் குடியேறினார். அங்கே கண்டதைத் தாய்மொழிக்கு எழுதி அனுப்பினார். படிப்பார் உண்டா என்று கேளாமல் அனுப்பினார். தென்காசியில் அமர்ந்து காசியைத் தமிழில் பாடிய மன்னரும், பொருநைக் கரையிலிருந்து காசிக்குச் சென்ற முனிவரும் செய்த பணியின் மறுகரையில் அவர் நிற்கிறார். அன்று கொற்கையில் கலம் ஏறிச் சென்ற யவனர் எவர் பெயரையும் இம்மண் அறியாது. காசியில் தங்கிவிட்ட இந்த ஒரு யவனரின் பெயரைப் பொதிகையின் அடிவாரத்துக் கவிஞர்கள் அறிந்துவைப்பது, பழைய உறவுக்குச் செய்யும் நன்றியாகும்.